முதலுதவிச் சான்றிதழ் நம் தெருவுக்கும் வேண்டும்

திருமானூரிலிருந்து வடக்கே போனால் அரியலூர். கொள்ளிடம் பாலத்தைத் தாண்டித் தெற்கே போனால் தஞ்சாவூர். இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. ஆனால், இரண்டுமே 20 கிலோமீட்டருக்கு மேல். லாரி மோதித் தலையில் அடிபட்டவருக்கும், வயலில் பாம்பு கடித்தவருக்கும், ஆற்றில் மூழ்கித் தூக்கி வரப்பட்டவருக்கும் அது சிறிய தூரமல்ல. 108 வண்டி வந்து சேரும்வரை பக்கத்தில் நிற்பவர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே பல உயிர்கள் பிழைக்கின்றன.

பக்கத்தில் நிற்பவர் பெரும்பாலும் மருத்துவர் அல்ல. உடன் நாற்று நடுபவர், உடன் கல் உடைப்பவர், உடன் வெடி மருந்து அள்ளுபவர். 2023 அக்டோபர் 9 அன்று திருமானூர் அருகே விரகாலூரில் நாட்டு வெடி ஆலை வெடித்துக் குறைந்தது 10 பேர் இறந்ததை இந்தப் பகுதி மறக்கவில்லை. ஆபத்தான வேலைகளில் தலித் தொழிலாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். முதலுதவி கற்றவர்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

தொட மறுத்த கைகள்

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பழைய வலி இருக்கிறது. குஜராத்தின் கத்தியவார் பகுதியைச் சேர்ந்த ஒரு தலித் ஆசிரியரின் கடிதம் 1929 டிசம்பரில் காந்தியின் 'யங் இந்தியா' இதழில் வெளியானது. அண்ணல் அம்பேத்கர் தன் எழுத்தில் அதை எடுத்துக் காட்டியிருக்கிறார். குழந்தை பெற்ற சில நாட்களில் அந்த ஆசிரியரின் மனைவி நோயுற்றார். மருத்துவர் தலித் தெருவுக்குள் வர மறுத்தார். தெருவுக்கு வெளியே தாயைக் கொண்டுவரச் சொன்னார். காய்ச்சல் பார்க்கும் கருவியைக்கூட நேரே கொடுக்காமல் வேறொருவர் கையில் கொடுத்து, அவர் கணவரிடம் கொடுத்து, கணவர் மனைவிக்கு வைத்தார். அந்தத் தாய் பிழைக்கவில்லை.

முதலுதவி என்பது முழுக்க முழுக்கத் தொடுவதுதான். ரத்தம் வழியும் இடத்தைக் கையால் அழுத்த வேண்டும். மார்பை அழுத்த வேண்டும். வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும். அதனால்தான் தொடத் தயங்காத, தொடத் தெரிந்த கைகள் ஒவ்வொரு தெருவிலும் இருக்க வேண்டும் என்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

சாலை விபத்தில் அடிபட்டவருக்கு உதவ எந்தச் சான்றிதழும் தேவையில்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குப் பாயாமல் காக்கிறது. 2020-இல் வந்த விதிகள், உதவியவரை மதம், சாதி, பாலினம் பார்க்காமல் மரியாதையோடு நடத்த வேண்டும் என்கின்றன. பெயரையும் முகவரியையும் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. மாணவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால், திருவிழாவிலோ, ஜல்லிக்கட்டுக் களத்திலோ, ஆலையிலோ முதலுதவிக் குழுவாகப் பொறுப்பேற்று நிற்பது வேறு. அங்கே அங்கீகாரம் வேண்டும். 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின்படி 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டி என்பது கணக்காக இருந்தது. அதன் பொறுப்பாளர் அரசு ஏற்ற சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருந்தது. பேருந்து நடத்துநர் உரிமத்துக்கும் முதலுதவிச் சான்றிதழ் கேட்கிறார்கள். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அமைப்புகள் இந்தப் பயிற்சியைத் தருகின்றன.

இந்தக் கட்டுப்பாடு தேவையானதே. தெரியாமல் செய்யும் உதவி ஆளைக் கொல்லும். பாம்பு கடித்த இடத்தைக் கீறுவதும், கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும், தீக்காயத்தில் பற்பசை தடவுவதும் இன்னும் நடக்கின்றன. கழுத்து எலும்பு முறிந்தவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்குவதும் நடக்கிறது.

பிட்ஸ்பர்க் சொல்லும் பாடம்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹில் பகுதியில் 1967-இல் 'ஃப்ரீடம் ஹவுஸ்' ஆம்புலன்ஸ் சேவை உருவானது. அதற்கு முன் அங்கே நோயாளிகளைப் போலீஸ் வண்டியில்தான் ஏற்றிச் சென்றார்கள். வேலையற்ற கறுப்பின இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, மருத்துவர் பீட்டர் சஃபார் கடுமையான பயிற்சி கொடுத்தார். அவர்களில் சிலர் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர்கள். அவர்கள் வேலை செய்த முறையே பின்னாளில் அந்த நாட்டின் அவசர சிகிச்சைப் பயிற்சிக்கு முன்மாதிரியானது.

1975-இல் நகர நிர்வாகம் சொந்தமாக ஆம்புலன்ஸ் சேவை தொடங்கி, இந்தச் சேவையை மூடியது. அதில் சேர்த்துக்கொள்ளப்பட்ட பலர் புதிய தேர்வுகளைக் காட்டியே வெளியேற்றப்பட்டார்கள். உயிர் காக்கத் தெரிந்த கை அப்படியேதான் இருந்தது. கேட்கப்பட்ட தகுதி மட்டும் மாறிவிட்டது.

இங்கேயும் சான்றிதழ் திறமையை அளக்க வேண்டும். யாரையும் வடிகட்டும் சல்லடை ஆகிவிடக் கூடாது. கட்டணம், நகரத்துப் பயிற்சி மையம், ஆங்கிலத் தேர்வு ஆகிய மூன்றும் சேர்ந்தால் கூலி வேலைக்குப் போகும் இளைஞர் வாசலிலேயே நின்றுவிடுவார். தமிழில் பாடம், செய்முறையில் தேர்வு, குடியிருப்புக்கே வரும் பயிற்சியாளர், கட்டணம் அரசின் பொறுப்பு. இவைதான் நம் கோரிக்கை. தலித் இளைஞர்களுக்கு இலவசத் திறன் பயிற்சி தரும் தாட்கோ, இதையும் தன் பட்டியலில் சேர்க்கலாம்.

அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக எழுப்புங்கள். ஒவ்வொரு தலித் குடியிருப்பிலும் பயிற்சி பெற்ற ஓர் ஆணும் ஒரு பெண்ணும், அவர்கள் கையில் ஒரு முதலுதவிப் பெட்டியும் வேண்டும் என்று கேளுங்கள். ஊர்த் திருவிழாவின் முதலுதவிக் குழுவில் அவர்கள் பெயரும் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். மயங்கி விழுந்தவர் எந்தத் தெருக்காரர் என்று பார்க்காமல் அவர்கள் ஓடி வருவார்கள்.