முதுகு பத்திரம்... அப்புறம்தான் வேகம்!

ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்தில் நாலு ஓவர் வேகமாகப் போட்டுவிட்டு, திங்கட்கிழமை ஆபீஸ் நாற்காலியில் 'அம்மாடி' என்று முனகிக்கொண்டே உட்காரும் ஆசாமியா நீங்கள்? வெட்கப்படாதீர்கள். முதுகு விஷயத்தில் டென்னிஸ் லில்லியே பட்டவர்தான்!

1973 வெஸ்ட் இண்டீஸ் டூரில் அவருடைய கீழ் முதுகெலும்பில் விரிசல். 'ஆள் அவ்வளவுதான்' என்றார்கள். மனுஷன் அசரவில்லை. உடற்பயிற்சி நிபுணர் ஃபிராங்க் பைக்கின் உதவியோடு உடம்பைத் தேற்றிக்கொண்டு, 1974 கடைசியில் திரும்பி வந்து இங்கிலாந்தைப் பந்தாடினார். அப்படி அடிபட்டுத் தேறியவரைத்தான் 1987-ல் சென்னை எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷனுக்குக் குருவாக அழைத்து வந்தார்கள். ஸ்ரீநாத், ஜாகீர் கான் எல்லாம் அங்கே பட்டை தீட்டப்பட்டவர்கள். பவுலராகும் ஆசையோடு போன ஒரு சுருட்டைமுடிப் பையனை மட்டும், 'நீ பேட்டிங்கைப் பாருப்பா' என்று அனுப்பிவிட்டார்கள். பையன் பேர் சச்சின்!

சரி, வேகத்துக்கு என்ன வழி?

தோளும் இடுப்பும்: பந்து போடும்போது இரண்டும் ஒரே திசையைப் பார்க்கணும். பக்கவாட்டில் திரும்பிப் போடலாம், நெஞ்சைக் காட்டியும் போடலாம். இடுப்பு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம் என்று கலந்து கட்டினால், முதுகு பிழிந்த வேட்டிதான்.

முன்னங்கால்: அது தரையில் இறங்கும் நொடியில், உடல் எடையைப் போல 5 மடங்குக்கும் மேல் பாரம் தாங்குகிறது. 70 கிலோ ஆசாமிக்கு 350 கிலோ! முழங்கால் மடங்காமல் நின்றால், ஓடி வந்த வேகம் பந்துக்குப் போகும். மடங்கினால் பூமாதேவிக்குச் சமர்ப்பணம். அதனால் பஸ்கி எடுங்கள். வயிறு, முதுகுத் தசைகளையும் உரமாக்குங்கள்.

எண்ணிக்கை: போன வாரம் 30 பந்து, இந்த வாரம் 150 என்று தாவினால் ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். நடுவே ஓய்வும் வேண்டும்.

பின்னால் வளையும்போது கீழ் முதுகில் ஒரு பக்கமாக வலிக்கிறதா? தைலம் தேய்த்துச் சமாளிக்காமல் டாக்டரைப் பாருங்கள். 2023 மார்ச்சில் முதுகில் ஆபரேஷன் செய்துகொண்ட பும்ரா, ஏறத்தாழ 11 மாதம் ஆட்டமே இல்லாமல் பொறுமையாக இருந்தார். 2024 டி20 உலகக் கோப்பையில் தொடர் நாயகன் யார்? அவரேதான்!

அடுத்த ஞாயிறு பந்தைத் தொடுமுன் பத்து நிமிஷம் ஓடி உடம்பைச் சூடாக்குங்கள். சனிக்கிழமை பஸ் பிடிக்க ஓடியதெல்லாம் கணக்கில் வராது!