மன ஆறுதலுக்கு எத்தனை தொட்டி?

மாடித் தோட்டப் பயிற்சிகளுக்கு வருவோரிடம், "எதற்காகத் தோட்டம் போட விரும்புகிறீர்கள்?" என்று கேட்பது எங்கள் வழக்கம். முன்பெல்லாம், "மருந்து அடிக்காத காய்கறி வேண்டும்" என்பதே பெரும்பாலோர் பதிலாக இருந்தது. 2020-ஆம் ஆண்டின் கொரோனா ஊரடங்கிற்குப் பின், "மனசுக்கு ஒரு மாற்று வேண்டும், சார்" என்று சொல்வோர் பெருகிவிட்டனர். அடையாறு, இந்திரா நகர், பெசன்ட் நகர், கோட்டூர்புரம் பகுதிகளிலிருந்து வருவோரிடம் இந்தப் பதிலை அதிகம் கேட்கலாம். பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள கணினி நிறுவனங்களுக்குப் போய், இரவு எட்டு மணிக்கு மேல் வீடு திரும்பும் இளைஞர்கள் ஒரு பக்கம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, மூன்றாவது மாடியில் தனித்து வாழும் ஓய்வு பெற்றோர் மறு பக்கம்.

காய்கறிக்காகத் தோட்டம் போடுபவருக்கும், மன ஆறுதலுக்காகத் தோட்டம் போடுபவருக்கும் ஒரே சிபாரிசைக் கொடுப்பது சரியல்ல என்பது என் கருத்து. முன்னவருக்கு விளைச்சல் முக்கியம். பின்னவருக்குத் தோட்டமே இன்னொரு கவலையாகிவிடக் கூடாது. இந்த வேறுபாட்டை நாம் போதிய அளவு எடுத்துச் சொல்வதில்லை.

அடையாறு தோட்டங்களுக்குப் பெயர் பெற்ற ஊர். பிரம்மஞான சபையினர் 1882-ஆம் ஆண்டில் 27 ஏக்கர் கொண்ட ஹட்டில்ஸ்டன் தோட்டத்தை வாங்கித் தங்கள் தலைமையகத்தை இங்கு அமைத்தனர். அது பின்னர் 250 ஏக்கருக்கு மேல் விரிந்தது. அங்குள்ள ஆலமரத்தின் தாய்மரம் 1989-ஆம் ஆண்டுப் புயலில் சாய்ந்துவிட்ட போதிலும், விழுதுகள் தாமே மரங்களாக நிற்பதை இன்றும் காணலாம். இதே அடையாற்றின் கரையிலுள்ள சைதாப்பேட்டையில் 1868-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட வேளாண்மைப் பள்ளிதான் 1906-ஆம் ஆண்டில் கோவைக்கு மாறி, பின்னாளில் வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. ஆனால் மாமரமும் கிணறும் இருந்த தனி வீடுகள் பல, அடுக்குமாடிக் குடியிருப்புகளாக மாறிவிட்டன. இன்றைய அடையாறுவாசிக்கு மிஞ்சியிருப்பது மொட்டை மாடியில் ஒரு பங்கு, அல்லது நான்கடி பால்கனி.

ஆய்வுகள் கூறுவது

செடிகொடிகள் மனதைத் தேற்றும் என்று பாட்டிமார் சொன்னதை ஆய்வாளர்களும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநில மருத்துவமனை ஒன்றில், 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை ரோஜர் அல்ரிச் என்பவர் ஆராய்ந்து 1984-ஆம் ஆண்டில் வெளியிட்டார். பாதிப்பேருக்குச் சன்னல் வழியே மரங்கள் தெரிந்தன. மற்றவருக்குச் செங்கல் சுவர் தெரிந்தது. மரம் தெரிந்தவர்கள் சராசரியாக 8 நாளில் வீடு திரும்பினர். சுவர் தெரிந்தவர்களுக்கு 8.7 நாள் ஆயிற்று. கடுமையான வலி மருந்தும் முன்னவருக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

நெதர்லாந்தில் 2011-ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. தோட்டம் வைத்திருந்த 30 பேருக்கு மூளையைக் களைக்க வைக்கும் சோதனை ஒன்றைக் கொடுத்து, பிறகு பாதிப்பேரை அரை மணி நேரம் தோட்ட வேலை செய்யவும், மீதிப்பேரை வீட்டினுள் அமர்ந்து படிக்கவும் விட்டனர். மன இறுக்கத்தின்போது மிகும் 'கார்ட்டிசால்' என்ற சுரப்பு இரு சாராருக்குமே குறைந்தது. தோட்ட வேலை செய்தவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தது. இவை சிறிய ஆய்வுகள். இவற்றைக் கொண்டு செடி வளர்ப்பை மருத்துவம் என்று சொல்லிவிட முடியாது. நாட்கணக்கில் உறக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை இருப்பவர்கள் மருத்துவரைப் பார்ப்பதே முறை. 2022-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணிலும் பேசலாம்.

நெதர்லாந்து ஆய்வில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் வேலை செய்தது அரை மணி நேரம்தான்.

ஐந்து போதும்

தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை 2013-14-இல் சென்னை, கோவை நகரங்களில் தொடங்கிய 'நீங்களே செய்து பாருங்கள்' திட்டம் பல வீடுகளுக்கு மாடித் தோட்டத்தை அறிமுகப்படுத்தியது. நல்ல திட்டம். ஆனால் அதைப் பார்த்து ஆர்வம் மேலிட்டு, ஒரே நாளில் முப்பது பைகளை அடுக்கியவர்களின் கதி என்ன? சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு பைக்குக் காலையும் மாலையும் நீர் வேண்டும். முப்பது பைக்கு நீர் சுமக்க அன்றாடம் ஒரு மணி நேரமாவது போகும். அலுவலகத்தில் நேரமாகிவிட்ட ஒரு நாளில் செடிகள் தலை தொங்கும். "பாவம், என்னால் வாடிவிட்டதே" என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும். ஆறுதல் தேடிப் போட்ட தோட்டம் கடைசியில் மாடிப்படி ஏறவே மனமில்லாமல் செய்துவிடும். காய்ந்த பைகள் அடுக்கிய மாடிகளை அடையாற்றில் நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

எனவே, மன அமைதிக்காகத் தொடங்குபவர்களுக்கு ஐந்து தொட்டிகள் போதும். இரண்டில் கீரை, ஒன்றில் மணமுள்ள பூச்செடி, ஒன்றில் எளிதில் சாகாத மூலிகை, ஒன்றில் நிதானமாக வளரும் செடி என்று வைத்துக்கொள்வது நல்லது.

கீரையைச் சிபாரிசு செய்வதற்குக் காரணம் உண்டு. விதைத்த மூன்றாம் நான்காம் நாளே முளை தெரியும். இருபத்தைந்து நாளில் சட்டிக்கு வந்துவிடும். தவறினாலும் நட்டம் ஒரு பிடி விதைதான். சிறுகீரை, முளைக்கீரை இரண்டும் ஏற்றவை. வேரோடு பிடுங்க மனம் வராதவர்கள் கிள்ளி எடுக்கும் கீரை வகையான கோ 3-ஐ விதைக்கலாம். தினமும் கிள்ளுவதே ஒரு பொழுதுபோக்காகிவிடும். விதையுடன் மணல் கலந்து சீராகத் தூவி, மேலே மிக மெல்லிய மண் போர்வை இட்டு, பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். எறும்புகள் விதையை இழுத்துப் போகும். தொட்டியைச் சுற்றிச் சிறிது நொய்யரிசியைத் தூவினால் அவை அதிலேயே திருப்தி அடைந்துவிடும். முதல் தொட்டியில் விதைத்து இரண்டு வாரம் கழித்து இரண்டாவதில் விதைத்தால், எப்போதும் ஒன்றில் முளையும் மற்றொன்றில் அறுவடையும் இருக்கும்.

பூச்செடியில், ஆறு மணி நேர வெயில் கிடைக்கும் இடமானால் குண்டுமல்லியே சிறந்தது. ஒன்றரை அடித் தொட்டியில் வைத்து, நவம்பர் கடைசி வாரத்தில் கவாத்து செய்தால், மார்ச் முதல் ஜூலை வரை மாலை நேரத்தில் மாடிக்குப் போகத் தனியாக யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. மலர்க் கண்காட்சியில் கொத்தாகப் பூத்து நிற்கும் ஒட்டு ரோஜாவைப் பார்த்து மயங்க வேண்டாம். குளிர்ந்த ஊரில் வளர்ந்த செடிகள் நம் கடற்கரை வெக்கையைத் தாங்குவது கடினம். மூலிகைக்குக் கற்பூரவல்லி அல்லது பிரண்டை. இவை இரண்டு நாள் நீரின்றி இருந்தாலும் கோபித்துக்கொள்ளாது. நிதானமாக வளர்வதற்குக் கறிவேப்பிலை. முதல் ஆண்டு முழுதும் அது நம் பொறுமையைச் சோதிக்கும். வாரம் ஒருமுறை அதன் துளிரை எண்ணிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவு கலந்து தொட்டியை நிரப்பலாம். மாடியில் பாரம் குறைய வேண்டுமானால் மணலுக்குப் பதில், நன்கு அலசி உப்பு நீக்கிய தேங்காய் நார்க்கழிவைச் சேர்க்கலாம். கூடவே ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கும் இடலாம்.

உப்பு நீர்தான் எதிரி

அடையாறு பகுதியில் செடிகள் சாவதற்குப் பூச்சியைவிட நீரே பெரும்பாலும் காரணம். கடலை ஒட்டிய தெருக்களில் ஆழ்குழாய் நீர் உப்பாக இருக்கும். இலை விளிம்பு கருகுவதும், தொட்டியின் ஓரத்தில் வெண்படலம் படிவதும் இதன் அறிகுறிகள். இதை நோய் என்று எண்ணி மருந்து தெளிப்பவர்கள் உண்டு. தேவையில்லை. மாதம் ஒருமுறை நல்ல நீரைத் தொட்டியின் அடித் துளை வழியே வழிந்தோடும்படி விட்டால் உப்பு கரைந்து வெளியேறும். மழை நீரைச் சேமித்து வைத்தால் இதற்கு உதவும்.

இன்னொரு முக்கியச் செய்தி. குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. கருவியிலிருந்து வெளியேறும் கழிவு நீரை, "வீணாகிறதே" என்று செடிக்கு ஊற்றுகிறார்கள். அது நாம் குடிக்காமல் விட்ட உப்பு முழுவதும் சேர்ந்த நீர். அதைத் தரை துடைக்கப் பயன்படுத்தலாம். செடிக்கு ஆகாது. மாறாக, ஏ.சி. கருவியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு அநேகமாக இல்லை. இரவு முழுவதும் ஓடும் கருவியின் கீழ் ஒரு வாளியை வைத்தால், ஐந்து தொட்டிக்கு வேண்டிய நீரில் பெரும் பங்கு கிடைத்துவிடும். ஏரிகள் வறண்டு நகரமே லாரி நீருக்குக் காத்திருந்த 2019-ஆம் ஆண்டுக் கோடை போன்ற காலத்தில் இது எத்தனை உதவி என்று சொல்ல வேண்டியதில்லை.

விரலை மண்ணில் ஒரு கணு அளவு நுழைத்துப் பார்த்து, ஈரம் தட்டாவிட்டால் மட்டும் நீர் ஊற்ற வேண்டும். ஓய்வு பெற்றவர்கள் பொழுது போகாமல் மூன்று வேளையும் ஊற்றி வேரை அழுகச் செய்துவிடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடித் துளை அடைபடாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

பூச்சியைக் கண்டால்

விற்பனைக்கு வளர்ப்பவரைப் போல இவர்கள் பூச்சியுடன் போர் தொடுக்க வேண்டியதில்லை. மாவுப்பூச்சியை நீரைப் பீய்ச்சிக் கழுவினாலே பெரும்பாலும் போதும். மிஞ்சினால், ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் இடித்த வேப்பங்கொட்டைப் பருப்பை இரவு ஊறவைத்து வடிகட்டி, சிறிது காதி சோப்பு கலந்து மாலையில் தெளிக்கலாம். கறிவேப்பிலையில் பறவை எச்சம் போன்று ஒட்டியிருக்கும் புழுவை மட்டும் விட்டுவிடுங்கள். சில நாளில் பச்சை நிறமாகி, கூட்டுப்புழுவாகி, எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியாகப் பறந்து போகும். தின்ற இலை மீண்டும் துளிர்க்கும். பேரக் குழந்தைகள் விடுமுறைக்கு வரும் வீட்டில் இதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது.

வெயிலே படாத வீடுகளில் இருப்போர் என்ன செய்வது? சன்னலோரம் ஒரு மணி பிளாண்ட் வைப்பதோடு நிறுத்திக்கொண்டு, கால்களுக்கு வேலை கொடுக்கலாம். குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த அடையாறு முகத்துவார ஓடையில் 58 ஏக்கரைச் சீரமைத்து, 2011-ஆம் ஆண்டில் தொல்காப்பியப் பூங்காவைத் திறந்தார்கள். உப்பு மண்ணில் எந்தெந்த மரம் நிற்கும் என்பதை அங்கு நேரில் காணலாம். ஜனவரி முதல் மார்ச் வரை, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் கடற்கரையோரம் நடந்து ஆமை முட்டைகளைக் காக்கும் மாணவர் அமைப்பு 1988-ஆம் ஆண்டு முதல் பணியாற்றி வருகிறது. அவர்களுடன் ஓர் இரவு நடந்து வந்தவர்களுக்கு, அடுத்த நாள் அலுவலகக் கோப்பு சற்று இலேசாகவே தெரியும்.

வெளியூர் போகும்போது தொட்டிகளை நிழலில் நெருக்கமாக வைத்து, நடுவில் சற்று உயரத்தில் ஒரு வாளி நீரை வைத்து, பருத்தித் துணித் திரிகளின் ஒரு முனையை நீரிலும் மறு முனையை மண்ணிலும் புதைத்துவிட்டால் மூன்று, நான்கு நாள் தாங்கும். அதற்கு மேல் என்றால் அண்டை வீட்டாரிடம் சாவியைக் கொடுத்துச் சொல்லிவிட்டுப் போவது நல்லது. புதிதாகத் தொடங்குவோர் அக்கினி நட்சத்திரம் கழியும் வரை பொறுத்து, ஆடியில் விதைக்கலாம். அதைத் தவறவிட்டால் தை மாதம் ஏற்றது. இடையில் கிடைக்கும் மாதங்களில் காய்கறித் தோலையும் காய்ந்த சருகையும் ஒரு பழைய வாளியில் மாற்றி மாற்றி அடுக்கி மக்க வைத்தால், விதைக்கும்போது முதல் தொட்டிக்கு வேண்டிய எரு தயாராக இருக்கும்.