மூக்கொழுகும் பாலைவன ஆமை

அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் வாழும் நில ஆமை, வாழ்நாளில் பெரும்பகுதியை வளைக்குள்ளேயே கழிக்கிறது. அதனால் அதற்கு நோய் வந்தால் சட்டென்று தெரிவதில்லை. 1980களின் இறுதியில் கலிஃபோர்னியாவில் மூக்கொழுகும் ஆமைகளும் வெற்று ஓடுகளும் கண்ணில் பட்டபோதுதான் ஆய்வாளர்கள் விழித்துக்கொண்டார்கள். 1990இல் இந்த ஆமை, அச்சுறுத்தலுக்குள்ளான இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. மைக்கோபிளாஸ்மா அகாசிசி என்ற பாக்டீரியாவே இந்தச் சுவாச நோயை உண்டாக்குகிறது என்பது 1994இல் உறுதியானது. நோயுற்ற ஆமையோடு நெருங்கிப் பழகும் ஆமைக்கு அது தொற்றிக்கொள்ளும்.

பரிசோதனை பார்வையில் தொடங்குகிறது. இமை வீங்கியிருக்கிறதா, மூச்சில் இரைச்சல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முன்னங்காலையும் கவனிப்பார்கள். ஒழுகும் மூக்கை ஆமை அதில்தான் துடைத்துக்கொள்ளும். காய்ந்த சளியும் மண்ணும் அங்கே அப்பியிருக்கும்.

கையில் எடுப்பதில்தான் ஆபத்து. பாலைவன ஆமை தன் சிறுநீர்ப்பையில் நீரைச் சேமித்து வைத்து, வறட்சியில் அதையே உறிஞ்சிப் பிழைக்கிறது. மிரண்டால் அத்தனையையும் பீய்ச்சிவிடும். மழையில்லாத ஆண்டில் அந்த இழப்பு உயிரையே பறிக்கலாம். நலம் விசாரிக்கப் போகிறவரே எமனாகிவிடக் கூடாது. அதனால் ஆமையைச் சாய்க்காமல், பதறாமல் தூக்குவார்கள். ஒவ்வோர் ஆமைக்கும் புதுக் கையுறை போடுவார்கள். நீரை இழந்துவிட்டால் அதை ஈடுசெய்த பிறகே விடுவார்கள்.

ரத்தம் எடுப்பதும் லேசல்ல. ரத்தக்குழாயை ஒட்டியே நிணநீர்க் குழாய் ஓடுவதால் இரண்டும் கலந்து, அளவீடுகள் தவறாகிவிடும். எலைசா சோதனை ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. அது இருந்தால் கிருமி எப்போதோ உடலுக்குள் வந்திருக்கிறது என்றுதான் பொருள். இன்றைக்கும் நோய் இருப்பதாகச் சொல்ல முடியாது. கிருமி புதிதாகத் தொற்றிய ஆமையிடம் எதிர்ப்பொருள் உருவாகப் பல வாரங்கள் ஆகும். பி.சி.ஆர். சோதனை கிருமியின் மரபுப்பொருளையே தேடுகிறது. மாதிரி எடுத்த நாளில் கிருமி போதிய அளவு இல்லையென்றால் அதுவும் ஏமாற்றும். எடையை மட்டும் நம்பவும் வழியில்லை: மழையில் வயிறு முட்டக் குடித்த ஆமை ஒரே நாளில் கனத்துவிடும். ஒற்றைச் சோதனையை வைத்து ஓர் ஆமையின் விதியைத் தீர்மானிப்பது எனக்குச் சம்மதமில்லை. ஓட்டில் ரேடியோ கருவி பொருத்தி, அதே ஆமையைப் பருவந்தோறும் தேடிப்போய்ப் பார்ப்பதே நம்பத்தக்க வழி.

வீட்டில் வளரும் ஆமைகளுக்கும் இதே நோய் உண்டு. இரக்கப்பட்டு ஒன்றைக் காட்டில் விட்டாலும், அதனோடு கிருமியும் போய்ச் சேரலாம். காப்பகங்களில் புதுவரவைத் தனியே வைத்துச் சோதிப்பதும் அதனால்தான்.