கேட்டு வாங்கின குச்சி

நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் அப்பத்தா வீடு. கொல்லையில் துவைக்கிற கல்லை ஒட்டி ஒரே ஒரு பன்னீர் ரோஜாச் செடி நின்றது. அதை யாரும் காசு கொடுத்து வாங்கவில்லை. மேலத்தெரு அத்தை வீட்டில் கேட்டு வாங்கி வந்த குச்சி அது. அத்தையும் யாரிடமோ கேட்டுத்தான் வாங்கியிருப்பார். அன்று ரோஜா அப்படித்தான் வீடு வீடாகப் போனது.

ஐப்பசி மழை மண்ணில் ஊறியதும் அப்பத்தா குச்சி வெட்டுவார். பென்சில் கனத்தில் முற்றிய கிளையாகப் பார்த்து, ஒரு சாண் நீளத்துக்குச் சாய்வாக வெட்டி ஊன்றுவார். மேல் வெட்டில் கோலிக்குண்டு அளவுக்குப் பசுஞ்சாணி உருண்டையைப் பிடித்து வைப்பார். “தலை காஞ்சா குச்சி செத்துரும்டி” என்பார். வேர் பிடிக்காத குச்சிக்கு உள்ளிருக்கும் ஈரம்தான் உயிர். வெட்டுவாய் வழியே அது வற்றிப் போகாமல் சாணி அடைத்துக்கொள்கிறது.

உரமென்று கடையில் எதுவும் வாங்கியதில்லை. அரிசி களைந்த தண்ணீர், மீன் அலசிய தண்ணீர், ஆட்டுப் புழுக்கை, இவ்வளவுதான். ஒருமுறை பக்கத்து வீட்டு ஆடு புகுந்து செடியை மொட்டையாக மேய்ந்துவிட்டது. நான் அழுதேன். இரண்டு மாதத்துக்குள் செடி முன்னைவிட அதிகமாகப் பூத்தது. காலையில் பறித்த பூ மாலைக்குள் இதழ் உதிர்ந்துவிடும். ஆனால் அந்த ஒரு பகலில் வீடே மணக்கும்.

இன்று எனக்கு மதுரையில் அடுக்குமாடி வீடு. மொட்டைமாடியில் 14 வளர்ப்புப் பைகள். மஞ்சள், ஆரஞ்சு, இரட்டை நிறம் என்று அப்பத்தா கண்ணால் பார்த்திராத வண்ணங்கள். நர்சரியில் இன்று வாங்குகிற பெரிய பூ ரோஜாக்களில் பெரும்பாலானவை ஒட்டுச் செடிகள். ஹைப்ரிட் டீ எனப்படும் இந்தப் பெரிய பூ வம்சத்தின் முதல் ரோஜாவாகக் கருதப்படுவது 1867-ல் பிரான்சில் உருவான ‘லா ஃபிரான்ஸ்’. நீண்ட காம்பு, நாள்கணக்கில் வாடாத இதழ், தூர ஊருக்குப் பயணம் தாங்கும் உறுதி ஆகியவற்றுக்காகவே பிற்காலத்தில் பல ரகங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பிப்ரவரியில் ஓசூரிலிருந்து வெளிநாடு போகும் சிவப்பு ‘தாஜ்மகால்’ ரோஜா இந்த வகைதான். அந்தத் தேர்வில் பல ரகங்கள் மணத்தை இழந்தன. ரோஜா மணத்தில் முக்கியப் பங்குள்ள ஒரு மரபணுவை 2015-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். மணமில்லாத ரோஜாவில் அது ஏறக்குறைய உறங்கிக் கிடந்தது.

ஒட்டுச் செடி எனக்கு ஒரு பாடமும் கற்றுக்கொடுத்தது. ஆசையாக வாங்கிய ஆரஞ்சு ரோஜா ஒரு கோடைக்குப் பிறகு வெளிர்பச்சை நிறத்தில் நெடுநெடுவென்று புதுக்கிளை விட்டது. செழிக்கிறதே என்று பூரித்துப்போனேன். அடுத்த வருஷம் அதில் பூத்தவை கொத்துக்கொத்தாகச் சின்ன வெள்ளைப் பூக்கள்! நர்சரிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றே நினைத்தேன். பிறகு அடிமண்ணை விரலால் விலக்கிப் பார்த்தேன். தண்டில் முடிச்சுப் போலப் புடைத்திருந்தது ஒட்டுக்கட்டிய இடம். வெளிர்பச்சைக் கிளை அதற்குக் கீழே, வேர்ச்செடியிலிருந்து கிளம்பியிருந்தது. வேருக்காக மட்டும் வைத்த காட்டு ரோஜா, மேலே இருந்த ஆரஞ்சு ரோஜாவின் சாப்பாட்டையெல்லாம் தின்றுவிட்டது.

ஒட்டு ரோஜா வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை அந்த முடிச்சைப் பாருங்கள். அதற்குக் கீழே துளிர்ப்பதை, கத்தரிக்கோலால் நறுக்காமல், கிளம்பும் இடத்தோடு பிய்த்தெடுங்கள். நறுக்கினால் மறுபடி துளிர்க்கும். நம் வெயிலுக்கு நடும்போதே முடிச்சு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். அப்பத்தாவின் செடிக்கு இந்தக் கவலையே கிடையாது. சொந்த வேரில் நின்ற செடி அது. அடியோடு வெட்டினாலும் அதே பன்னீர் ரோஜாதான் துளிர்க்கும்.

அதற்காக இன்றைய அறிவைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அன்று ஆடு செய்ததை இன்று நாமே செய்கிறோம். அதன் பெயர் கவாத்து. ரோஜா புதுத் துளிரில்தான் பூக்கும் என்பதால் அக்டோபர் வாக்கில் வெட்டிவிட்டால் ஆறேழு வாரத்தில் மொட்டு வரும். இலையில் கரும்புள்ளி விழுந்தால் அன்று “கண்ணு பட்டிருச்சு” என்பார்கள். அது பூஞ்சை என்றும், இலை பல மணி நேரம் ஈரமாக இருந்தால்தான் பற்றும் என்றும் இன்று தெரியும். அதனால் காலையில், வேருக்கு மட்டும் தண்ணீர் விடுகிறேன். அசுவினி, மாவுப்பூச்சி வந்தால் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயோடு கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்ததும் தெளிக்கிறேன். ஆறு மணி நேர வெயிலும் தண்ணீர் தேங்காத மண்ணும் கிடைத்தால் பையிலும் ரோஜா நன்றாக வாழ்கிறது.

அப்பத்தாவும் இல்லை, அந்தக் கொல்லையும் இல்லை. அங்கே சிமென்ட் போட்டுக் கார் நிற்கிறது. ஆனால் மேலத்தெரு அத்தை வீட்டுச் செடி இருக்கிறது. போன ஐப்பசியில் போய் ஐந்து குச்சி கேட்டு வாங்கி வந்தேன். அடுக்குமாடியில் பசுஞ்சாணிக்கு எங்கே போவது? மெழுகுவர்த்தியை உருக்கி வெட்டுவாயில் சொட்டு விட்டேன். இரண்டு பிழைத்தன.

முதல் பூ பூத்த அன்று, துணி காயப்போட வந்த எதிர்வீட்டுப் பெண் நின்று மோந்து பார்த்தாள். “அக்கா, என்ன வாசம்! எந்த நர்சரியில வாங்கினீங்க?”

“வாங்கலம்மா. ஐப்பசிக்கு வா, உனக்கும் ஒரு குச்சி தர்றேன்.”