அளவு நோட்டின் கடைசிப் பக்கம்

தபால்காரர் சைக்கிளை வாசலில் நிறுத்தி, "தாயி, கூகுள்னு போட்டிருக்கு. உனக்குத்தானா பாரு" என்று ஒரு சின்னத் தபாலை நீட்டினார். 2021 தீபாவளி முடிந்த வாரம் அது. மெஷினை விட்டு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன். உள்ளே பணமும் இல்லை, செக்கும் இல்லை. ஆறு இலக்க எண் ஒன்றுதான் இருந்தது. யூடியூப் கணக்கில் முதல் 10 டாலர் சேர்ந்ததும், இந்த முகவரியில் உண்மையாகவே ஆள் இருக்கிறதா என்று பார்க்க அனுப்பும் எண் அது. நான்கு மாதத்துக்குள் அதைப் பதிவு செய்யாவிட்டால் விளம்பரம் வருவது நின்றுவிடும். பழைய கதவு எண், புதிய கதவு எண் குழப்பத்தில் முதல் தபால் எங்கேயோ போய்விட்டது. இரண்டாவது தடவை கேட்டு வாங்கியதுதான் கைக்கு வந்தது.

சின்னாளப்பட்டியில் எனக்கு ஒரு தையல் கடை. சுங்குடிச் சேலைக்குப் பேர் போன ஊர் என்பதால் ஜாக்கெட் தைக்க ஆள் வந்துகொண்டே இருக்கும். பத்தொன்பது வருடமாகத் தைக்கிறேன். சேனலுக்கு ஐந்து வயது தாண்டிவிட்டது. 86,000 பேர் சப்ஸ்கிரைப் செய்திருக்கிறார்கள். என் முகம் ஒரு வீடியோவிலும் வராது, கை மட்டும்தான் வரும். ஆனாலும் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் நடத்துனரிடம் சில்லறை கேட்டபோது, பின்னாலிருந்த அம்மா என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். "அக்குள் சுருக்கம் வராம வெட்டச் சொல்லிக் கொடுத்தது நீங்கதானே?" என்றார். நான்தான்.

அளவெடுக்க வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் கேட்பது ஒரே கேள்வி. "மாசம் எம்புட்டு வரும்க்கா?" வேலையை விட்டுவிட்டு சேனல் ஆரம்பிக்கப் போகிறேன் என்று நிற்கும் பையன்களும் உண்டு. எல்லாருக்கும் சேர்த்து என் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்துவிடுகிறேன். மார்பளவும் கை நீளமும் முன்பக்கம் இருக்கும், யூடியூப் கணக்கு பின்பக்கம்.

2020 ஊரடங்கில் கடை மூடிக்கிடந்தது. கொஞ்ச நாள் முகக்கவசம் தைத்தேன். மகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வே ரத்தாகி எல்லோரும் பாஸ் என்று அறிவித்த வருடம் அது. அவளுக்கும் வேலையில்லை, எனக்கும் வேலையில்லை. ஸ்டூல் மேல் ஸ்டூல் போட்டு, அதன் மேல் பலகை வைத்து, போனைக் கவிழ்த்துக் கட்டி, நான் துணி வெட்டுவதைப் படம்பிடித்தாள்.

யூடியூபில் விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சப்ஸ்கிரைபர் வேண்டும். கூடவே, கடைசி 12 மாதத்தில் மக்கள் நம் வீடியோவை 4,000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும். நீள வீடியோ போடுபவர்களுக்கு 2018இலிருந்து இதுதான் விதி. ஆயிரம் பேர் சொந்தபந்தத்திலேயே பாதி தேறிவிடும். நாலாயிரம் மணி நேரம்தான் ஆளைக் கொல்லும். ஒருவர் சராசரியாக நாலு நிமிடம் பார்க்கிறார் என்று வையுங்கள், 60,000 பார்வை வேண்டும். அதுவும் ஓட்டைக் குடம். பன்னிரண்டு மாதத்துக்கு முந்தைய மணி நேரமெல்லாம் அடியில் ஒழுகிப்போகும், மேலே ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்குப் பதினைந்து மாதம் ஆனது. இப்போது 500 பேர் இருந்தாலே சேர்த்துக்கொள்கிறார்கள் என்று யாராவது சொன்னால், அந்தப் படியில் பார்ப்பவர்கள் விரும்பிக் கொடுக்கும் காசுதான் வரும், விளம்பரப் பங்கு வராது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். எனக்கு முதல் பணம் வந்தது 2022 ஜனவரியில். எட்டாயிரத்துக்கு நூறு ரூபாய் குறைவு. கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன். அன்று இரவு நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். அப்போது லைனிங் ஜாக்கெட்டுக்கு 300 ரூபாய் கூலி. ஐந்து மாத விளம்பரப் பணம், இருபத்தாறு ஜாக்கெட் கூலி. ஒரு வாரத்தில் தைத்துவிடுவேன்.

விளம்பரப் பணம் எப்படி இவ்வளவு குறைந்துபோகிறது என்று கேட்பார்கள். நீள வீடியோவில் வரும் விளம்பரப் பணத்தில் நமக்கு 55 சதவீதம், யூடியூபுக்கு 45. பங்கு மோசமில்லை. ஆனால் பார்க்கும் எல்லாருக்கும் விளம்பரம் வராது. வந்தாலும் சின்னாளப்பட்டியில் பார்ப்பவருக்கு ஒரு விலை, டொராண்டோவில் பார்ப்பவருக்கு வேறு விலை. கனடாவில் இருக்கும் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா என் வீடியோவை முழுசாகப் பார்த்தால், இங்கே பலபேர் பார்த்ததற்குச் சமம். வீடியோ எட்டு நிமிடம் தாண்டினால் நடுவிலும் விளம்பரம் வைக்கலாம். சமையல் வீடியோவில் உப்புப் போடுவதற்குள் மாமியார் வீட்டுக் கதை முழுக்க ஏன் வருகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

ஷார்ட்ஸ் கதை இன்னும் வேடிக்கை. 2023 பிப்ரவரியிலிருந்து அதற்கும் விளம்பரப் பங்கு உண்டு. ஊக்கு தைப்பதை ஒரு நிமிடத்துக்குள் எடுத்துப் போட்டேன், 14 லட்சம் பேர் பார்த்தார்கள். தெருவே பேசியது. கைக்கு வந்தது ஆயிரத்துச் சொச்சம். இன்ஸ்டாகிராம் எனக்கு இதுவரை ஒரு பைசா தந்ததில்லை. அங்கே நான் போடும் ரீல்ஸ் எல்லாம் கடைக்கு அடித்த நோட்டீஸ்தான்.

பன்னிரண்டு நிமிட வீடியோ ஒன்றுக்கு எனக்கு இரண்டு நாள் போகிறது. பகலில் வெட்டிப் படமெடுப்பேன். இரவு தெரு அடங்கியபின் குரல் கொடுப்பேன். பகலிலேயே பேசிவிடலாமே என்றால், ஒருமுறை எதிர் டீக்கடை ரேடியோவில் ஓடிய பாட்டு என் பேச்சுக்குப் பின்னால் பதிவாகிவிட்டது. பாட்டுக்கு உரிமை உள்ளவர்கள் பங்கு கேட்டார்கள், அந்த வீடியோவின் வருமானம் அவர்களுக்குப் போயிற்று. அது தெரியாமல் இரண்டு மாதம் நான் அதைச் சந்தோஷமாக எல்லாருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அந்த இரண்டு நாளில் நான் எட்டு ஜாக்கெட் தைத்திருப்பேன். இப்போதைய கூலி 350 ரூபாய்க்கு 2,800. வாரம் ஒரு வீடியோ என்றால் மாதம் 11,200 ரூபாய்த் தையலை விட்டுத்தருகிறேன். 2024இல் விளம்பரத்தில் எனக்கு வந்தது மொத்தம் 71,000. மாதத்துக்கு ஆறாயிரம்கூட இல்லை. மகள் இரவில் உட்கார்ந்து எடிட் செய்ததற்குக் கூலி எழுதவே இல்லை, எழுதினால் அவள் கேட்டுவிடுவாள்.

அப்புறம் ஏன் போடுகிறேன்? நோட்டில் விளம்பரத்துக்குக் கீழே இருக்கும் வரிகளால்தான். கட்டிங் வராதவர்களுக்கு, 28 முதல் 44 வரை ஒவ்வொரு மார்பளவுக்கும் பேப்பர் கட்டிங் வெட்டிக் கூரியரில் அனுப்புகிறேன். கூரியரோடு சேர்த்து 150 ரூபாய். அது போன வருடம் 90,000 தாண்டியது. வாட்ஸ்அப்பில் பதினைந்து நாள் வகுப்பு எடுக்கிறேன், அது லட்சத்தைத் தொட்டது. சென்னை, பெங்களூரிலிருந்து அளவு ஜாக்கெட்டோடு துணி அனுப்புகிறார்கள். ஆரி வேலை செய்த கல்யாண ஜாக்கெட் ஒன்றுக்கு 3,000க்குக் குறையாமல் வாங்குகிறேன். உள்ளூரில் அந்த விலை சொன்னால் எழுந்து போய்விடுவார்கள். சேனல் எனக்குச் சோறு போடவில்லை. ஊருக்குள் இருந்த கடைக்கு ஒரு பெரிய வாசலை வைத்துக்கொடுத்தது. தையல் தெரியாமல் வாசலை மட்டும் கட்டியிருந்தால் உள்ளே விற்க என்ன இருந்திருக்கும்?

வில்லேஜ் குக்கிங் சேனலைச் சொல்லுவார்கள். புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில், பெரியதம்பித் தாத்தாவும் பேரன்களும் 2018இல் வயல்வெளியில் அடுப்பு மூட்டி ஆரம்பித்தது. 2021இல் ஒரு கோடி சப்ஸ்கிரைபரைத் தாண்டிய முதல் தமிழ்ச் சேனல் ஆனார்கள். அந்த மகிழ்ச்சியில் முதலமைச்சரின் நிவாரண நிதிக்குப் பத்து லட்சம் கொடுத்தார்கள். உண்மைதான், எனக்கும் பெருமைதான். ஆனால் அண்டா அண்டாவாகச் சமைக்கத் தெரிந்த ஒரு கூட்டம் அது. அதைப் பார்த்துவிட்டு ட்ரைபாட் வாங்கினவர்கள் எங்கள் ஊரிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். அதில் ஒரு ட்ரைபாட் இப்போது என் கடையில் இருக்கிறது, பாதி விலைக்கு வந்தது.

வாசல் நம்முடையது இல்லை என்பதையும் மறக்கக்கூடாது. அடுத்த தெருவில் ஒரு பையன் டிக்டாக்கில் கொடிகட்டிப் பறந்தான். 2020 ஜூன் 29 இரவு 59 செயலிகளுக்குத் தடை என்று அரசாங்கம் சொன்னது, அதில் டிக்டாக்கும் ஒன்று. விடிந்ததும் அவனுக்கு ரசிகரும் இல்லை, கடைத் திறப்பு விழாவுக்குக் கூப்பிடுவோரும் இல்லை. அதனால்தான் என்னிடம் வாங்குகிற ஒவ்வொருவர் போன் நம்பரையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒரு தப்பும் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். கையடக்கத் தையல் மெஷின் விற்கும் ஒரு கம்பெனி 7,000 ரூபாய் கொடுத்து, ரெண்டு வார்த்தை நல்லதாகச் சொல்லச் சொன்னது. ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு "ரொம்ப வசதியா இருக்கு" என்று சொன்னேன். காசு வாங்கியதைச் சொல்லவில்லை. மறுவாரம் நாற்பது போன். "நூல் பிரிஞ்சு பிரிஞ்சு வருதுக்கா", "உங்களை நம்பித்தானே வாங்கினோம்". வீடியோவை எடுத்துவிட்டேன். பணம் வாங்கிக்கொண்டு சொன்னால் அதை விளம்பரம் என்று வெளிப்படையாகப் போட வேண்டும் என்று ஒன்றிய அரசின் வழிகாட்டுதல் 2023 ஜனவரியிலேயே வந்திருக்கிறது. அதை எனக்குச் சொன்னவர் ஆடிட்டர்தான். இலவசமாக வரும் பொருளும் வருமானம்தான், ஒரே கம்பெனியிலிருந்து வருடத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் போனால் அவர்கள் பத்து சதவீதம் வரி பிடிக்க வேண்டும் என்றார். அமெரிக்காவிலிருந்து பார்ப்பவர்கள் மூலம் வரும் பணத்துக்கு அந்த நாட்டு வரியும் உண்டு. அதற்கான படிவத்தை மகள்தான் நிரப்பினாள், நான் கையெழுத்தோடு சரி.

விளம்பர விலை நன்றாக ஏறுவது தீபாவளியை ஒட்டித்தான். கம்பெனிகள் பணத்தைக் கொட்டுகிற நேரம். ஜனவரி பிறந்ததும் படுத்துவிடும். ஒரு நவம்பரில் 11,000 வந்த சேனலில் அடுத்த பிப்ரவரியில் 2,700 வந்தது. ஆனால் தீபாவளிக்குத்தான் தையல்காரியும் தலை நிமிர மாட்டாள். கடையில் துணிப்பை மலை மாதிரி கிடக்கும்போது எந்த வீடியோவை எடுப்பது? ஆடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது நாலைந்து எடுத்து வைத்துக்கொள்வேன், ஐப்பசியில் மகள் ஒவ்வொன்றாக ஏற்றுவாள்.

போன தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் மேல்தெரு வசந்தாக்கா போனும் கையுமாக வந்து நின்றார். திரையில் என் கை பிரின்சஸ் கட் வெட்டிக்கொண்டிருந்தது.

"நேத்து வீடியோ போட்டிருக்க. அதுக்கெல்லாம் நேரம் இருக்கு, என் ஜாக்கெட்டைத் தைக்க நேரம் இல்லையா?"

அது ஆடியில் எடுத்தது என்று சொன்னால் நம்பமாட்டார்.

"முடிஞ்சிருச்சுக்கா, ஊக்கு மட்டும்தான் பாக்கி. சாயங்காலம் வாங்க."

அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அடியிலிருந்து அவர் பையை உருவினேன். இன்னும் லைனிங்கே நனைக்கவில்லை.