பகுதி சபையில் பேனா யார் கையில்?

சென்னை மாநகராட்சியின் இப்போதைய மாமன்றத்துக்கு 2027 மார்ச்சில் ஐந்தாண்டு முடிகிறது. அதற்குள் பட்ஜெட்டில் ஏற வேண்டிய கோரிக்கைகளுக்கு அவகாசம் குறைவு. மேனாம்பேடு, கருக்கு, அம்பத்தூர் பக்கத்து வாசகர்கள் அனுப்பும் கடிதங்களிலோ ஒரே குழப்பம்: தெரு இருட்டு, திருட்டு பயம், ஆளில்லாத பூங்கா. இதையெல்லாம் எங்கே சொல்வது? பகுதி சபை என்கிறார்களே, அது நலச்சங்கக் கூட்டம்தானா?

பகுதி சபை என்பது என்ன?

நகரத்துக்கு வந்த கிராம சபை என்கிறது அரசு. அது பாதி உண்மை. கிராம சபைக்கு அரசியல் சாசனத்திலேயே இடம் உண்டு. பகுதி சபை, மாநிலச் சட்டத்தையும் 2022-ல் வந்த விதிகளையும் நம்பி நிற்கிறது. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று இது தொடங்கியது; அன்று முதல்வராக இருந்த மு.க.ஸ்டாலின் பம்மலில் நடந்த கூட்டத்தில் கலந்துகொண்டார். சென்னையில் ஒரு வார்டுக்குப் பத்துப் பகுதிகள். அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், நீங்கள் உறுப்பினர். சங்கத்துக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டியதில்லை. சொந்த வீடும் வேண்டியதில்லை.

யார் நடத்துகிறார்கள்?

சிக்கல் இங்கேதான். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பிரதிநிதி உண்டு. சபையில் பேசியதை வார்டு குழுவுக்குக் கொண்டுபோவது அவர் வேலை. அவரை அந்தப் பகுதி மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை; மாமன்றம் நியமிக்கிறது. கவுன்சிலர் கைகாட்டும் ஆளே பிரதிநிதியாகிறார் என்று குடிமக்கள் அமைப்புகள் தொடக்கத்திலிருந்தே எதிர்ப்புத் தெரிவித்து வருகின்றன. அவர் கொண்டுபோகும் தீர்மானத்தைப் பெறும் வார்டு குழுவுக்கும் தலைவர் அதே கவுன்சிலர்தான்.

கவுன்சிலர் அக்கறையுள்ளவர் என்றால் இதைவிடக் குறுக்கு வழி கிடையாது. இல்லையென்றால், அவரைப் பற்றிய புகாரை அவருக்கு வேண்டியவரே எழுதி அவரிடமே கொடுக்க வேண்டியிருக்கும். மக்கள் பங்கேற்பு என்று அரசு சொல்வதை இந்த ஓட்டையோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

ஆகவே, கூட்டத்தில் யார் உரக்கப் பேசினார் என்பதைவிட மினிட்ஸ் நோட்டில் என்ன ஏறியது என்பதே முக்கியம். “மேனாம்பேட்டில் தெருவிளக்கு வேண்டும்” என்று எழுதினால், “பரிசீலனையில் உள்ளது” என்ற ஒரு வரியில் அதை முடித்துவிடலாம். எந்தத் தெரு, எந்த எண் கம்பம், எத்தனை வீட்டு நீளத்துக்கு இருட்டு, தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு முடிந்து பெண்கள் அந்த வழியாக எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று எழுதினால் அப்படி முடிக்க முடியாது. பக்கத்திலேயே சான்று இருக்கிறது: கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை, கொரட்டூர் ஏரிப் பாதுகாப்பு மக்கள் இயக்கம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை கொண்டுபோனது. குறையைத் துல்லியமாக எழுதிவைக்காமல் அவ்வளவு தூரம் போக முடியாது.

திருட்டு, ரோந்து பற்றி மாநகராட்சியிடம் சொல்லலாமா?

விளக்கும் பூங்காவும் மாநகராட்சியின் அம்பத்தூர் மண்டலத்தின் பொறுப்பு. ரோந்து, 2022 ஜனவரி முதல் ஆவடி காவல் ஆணையரகத்தின் பொறுப்பு. தீர்மானத்தின் நகலைக் காவல் நிலையத்திலும் கொடுங்கள்.

தெருவில் சிசிடிவி வைத்தால் போதுமா?

போதாது. சென்னைக் காவல்துறையின் ‘மூன்றாவது கண்’ திட்டத்தில் மக்கள் காசிலும் கேமராக்கள் வந்தன. அப்படி வைக்கும்போது, பழுதானால் யார் சரிசெய்வது என்பதையும் முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள்.

நலச்சங்கம் தேவையில்லையா?

தேவை. தெருத்தெருவாகக் குறைகளைத் தொகுக்க அதைவிட நல்ல வழி இல்லை.

விளக்கு இன்றே எரியவில்லை என்றால்?

சபைக்காகக் காத்திருக்காதீர்கள், 1913-க்கு அழைத்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிரதிநிதி யாரென்றே தெரியவில்லை?

வார்டு அலுவலகத்தில் கேளுங்கள். சொல்லாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள்.

பகுதிப் பிரதிநிதியை அந்தப் பகுதி மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்த மாமன்றம் அமைவதற்குள் விதியைத் திருத்த அரசுக்கு நேரம் இருக்கிறது. அதுவரை ஒன்று செய்யுங்கள்: கூட்டம் கலையும் முன் தீர்மானங்களை வாசிக்கச் சொல்லுங்கள், உங்கள் வரி அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், அந்தப் பக்கத்தை செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.