நெய்வேலிக் களிமண்ணும் அணுக்கழிவும்

அணுக்கழிவு எல்லாம் ஒரே ரகம் அல்ல. மிகக் கடுமையானதைக் கண்ணாடியோடு உருக்கி எஃகுக் கலன்களில் அடைப்பார்கள். டிராம்பே, தாராப்பூர், கல்பாக்கம் ஆகிய இடங்களில் அதற்கான ஆலைகள் உண்டு. ரசாயனச் சகதி, கசடு போன்ற குறைந்த, நடுத்தரக் கதிர்வீச்சுக் கழிவுக்குச் சிமெண்ட்தான். குழைத்து, பீப்பாயில் இறுகவிட்டு, கான்கிரீட் பள்ளங்களில் வைத்து மூடுகிறார்கள்.

இந்தச் சிமெண்ட் முறையில் தொல்லை தருவது சீசியம் 137. ஸ்ட்ரான்ஷியம் பரவாயில்லை, சிமெண்டில் உள்ள கால்சியத்தின் இனம் என்பதால் அதன் இடத்தில் புகுந்துகொள்ளும். சீசியமோ தண்ணீர் பட்டால் சாதாரண சிமெண்டிலிருந்து எளிதில் கசிந்துவிடும். அதன் அரை ஆயுள் சுமார் 30 ஆண்டு. 300 ஆண்டு காத்தால் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும். சோழர் கோயில்கள் ஆயிரம் ஆண்டு நிற்கும் நாட்டில் 300 பெரிதா என்று கேட்கலாம். கோயில் நின்றால் போதும். கழிவை அடைத்த கட்டி ஒழுகவும் கூடாது.

இங்கேதான் மாற்றுச் சிமெண்ட் வருகிறது. வெள்ளைக் களிமண்ணைச் சுமார் 700 டிகிரி செல்சியஸில் சுட்டு, காரமும் சோடியம் சிலிகேட்டும் சேர்த்தால் அறை வெப்பத்திலேயே கல்லாக இறுகும். பிரெஞ்சு வேதியியலாளர் ஜோசப் டேவிடோவிட்ஸ் 1970களில் பிரபலப்படுத்திய இந்த ஜியோபாலிமரில் அலுமினியம் இருக்கும் இடமெல்லாம் எதிர்மின்னூட்டம் இருக்கும். நேர்மின்னூட்டம் கொண்ட சீசியம் அங்கே பிடிபடுகிறது. ஸ்லோவாக்கியாவிலும் செக் நாட்டிலும் அணுமின் நிலையக் கசடை இவ்வகைப் பொருளில் அடைத்தே இருக்கிறார்கள்.

அமெரிக்காவின் சவன்னா ரிவர் வளாகம் வேறு வழி பிடித்தது: உப்புக் கழிவோடு கலந்த தூளில் 45 சதவீதம் இரும்பாலைக் கசடு, 45 சாம்பல், வெறும் 10 சிமெண்ட். கழிவில் அலுமினியத் துண்டுகள் இருந்தால் சிமெண்டின் காரம் அவற்றை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். அதற்குக் காரம் குறைந்த மெக்னீசியம் பாஸ்பேட் சிமெண்ட் பொருந்தும்.

இவற்றில் களிமண்ணையும் சாம்பலையும் தேடி வெகுதூரம் போகவேண்டாம். விருத்தாசலத்தில் பீங்கான் சூளைகள்; அதற்குக் கிழக்கே நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியோடு வெள்ளைக் களிமண்ணும், அனல்மின் நிலையச் சாம்பலும். மண்ணைச் சுடும் கைப்பக்குவமும் இவ்வட்டாரத்தில் இருக்கிறது.

களிமண்ணுக்குப் பதில் சாம்பலைப் பயன்படுத்துவதில் ஒரு சிக்கல் உண்டு. சாம்பலின் சேர்மானம் லோடுக்கு லோடு மாறும். நெய்வேலிச் சாம்பலில் சுண்ணாம்பும் அதிகம். சுண்ணாம்பு கூடினால் சீசியத்தைப் பிடிக்கும் அமைப்பு மெலியும். ஆகவே இவ்வட்டாரத்திலிருந்து முதலில் சோதனைக்கு எடுக்கவேண்டியது தானாகக் குவியும் சாம்பல் அல்ல, காசு கொடுத்துச் சுடவேண்டிய களிமண்தான்.